உயர்விலை மடிக்கணினியின் மதிப்பும் நம்பகமும்

ஒரு பொருளின் விலை வேறு. அதன் மதிப்பு வேறு. அதன்பால் வைக்கத்தகும் நம்பிக்கை வேறு. விலையை விற்போன் கூறுவான். மதிப்பைப் பயன்கொள்வோன் உணர்வான். நம்பிக்கைக்கு உரியதோ அன்றோ என்பதைக் காலம் ஒன்றே காட்டவல்லது. இம்மூன்றையும் ஒன்றெனக் கொள்ளும் மயக்கம் எல்லாப் பொருள்களிடத்தும் உண்டு; எனினும் உயர்விலை மடிக்கணினியிடத்து அது மிகுந்து காணப்படுகின்றது. விலை மிக்கது ஆதலின் நெடுங்காலம் உழைக்கும் என்றும், பெயர் பெற்றது ஆதலின் பழுதுறாது என்றும் கருதி, ஆய்வின்றி வாங்குவோர் பலர்.

வட்டுக்கோட்டை போன்ற ஊர்களில் இம்மயக்கம் வெறும் அறிவுப்பிழையாக நின்றுவிடுவதில்லை. பல்கலைக்கழகம் புகும் பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி வாங்குதல் நடுத்தரக் குடும்பத்துக்குப் பெருஞ் செலவு. சிலருக்குக் கனடாவிலோ இலண்டனிலோ வாழும் மாமனாரோ தமையனாரோ அதனை அன்பளிப்பாகக் கொணர்ந்து கொடுப்பர். எவ்வாறு வந்ததாயினும், ஒரு மாணவனின் நாலாண்டுக் கல்வியும் ஓர் ஆசிரியரின் பல்லாண்டுக் குறிப்புக்களும் அச்சிறு பெட்டியுள் அடங்குகின்றன. ஆதலின் அதனை மதிப்பிடும் முறை யாது என்பது ஆராயத்தக்கதாகும்.

திருவள்ளுவர் தெரிந்துதெளிதல் என ஓர் அதிகாரம் வகுத்தார். அது வினைக்குரிய மனிதரைத் தேர்தல் பற்றியதே எனினும், தேர்ந்த பின்னரே தெளிதல் வேண்டும் என்னும் அதன் அடிப்படை கருவிகளுக்கும் பொருந்தும். தேர்தற்குரிய அளவைகள் எவை என்பதே ஈண்டு வினா.

விலை தருவன

முதற்கண், உயர்விலை மடிக்கணினிக்குக் கொடுக்கும் பணம் வீணே போகின்றது என்பார் கூற்றும் நடுவுநிலை வழுவியதேயாம். நுண்ணிய எழுத்தும் கண்ணுக்கு இடரின்றித் தோன்றும் திரை, வளையாத உலோக உடல், விரைந்து தொழிற்படும் செயலி, விரலசைவை வழுவாது உணரும் தொடுபலகை ஆகியன விலையுடன் உண்மையாகவே உயர்கின்றன. அப்பிள் நிறுவனம் 2020 நவம்பரில் வெளியிட்ட எம்1 என்னும் தன் செயலி இதற்குத் தக்க சான்று. அதனைக் கொண்ட மக்புக் எயர், காற்றாடியே இன்றிக் குளிர்ந்து இயங்கியதோடு, ஒருமுறை மின்னேற்றின் ஒரு பகல் முழுவதும் எழுத்துவேலைக்கு ஈடுகொடுத்தது.

இப்பயனின் அருமையை இலங்கையர்க்கு எடுத்துரைத்தல் வேண்டா. 2022 மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்சாரம் நிறுத்தப்பட்டது. மின்கலவடுக்கின் வலிமை அந்நாள்களில் வசதியாகக் கருதப்படவில்லை. படிப்பு நடைபெறுமா நில்லாதா என்பதையே அது தீர்மானித்தது. ஆகவே விலைக்கேற்ற பயன் உண்டு என்பது ஒப்பத்தக்கதே. இவையெல்லாம் வாங்கிய முதல்நாளிலேயே கண்டறியத்தக்க குணங்கள். ஐந்தாம் ஆண்டிலும் இவை நிற்குமா என்பது வேறு வினா.

விலை நம்பகத்தைத் தருமா?

இவ்வினாவுக்கு எண்களால் விடைகாண முயன்றோர் உளர். ஸ்குயர்ட்ரேட் என்னும் அமெரிக்க உத்தரவாத நிறுவனம், தன்னிடம் பதிவுபெற்ற ஏறத்தாழ 30,000 மடிக்கணினிகளின் பழுதுகளைத் தொகுத்து 2009 இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. மூன்றாண்டுக்குள் நூற்றுக்கு 31 கருவிகள் பழுதுறும் என அது கணித்தது. அவற்றுள் 20.4 பங்கு கருவியின் உள்ளுறுப்புக் கெடுதலால் வருவது, 10.6 பங்கு விழுதல், நீர் சிந்துதல் முதலிய விபத்துக்களால் வருவது. கருவிகளை விலைவாரியாகப் பிரித்துப் பார்த்தபொழுது, முதலாண்டில் உறுப்புக் கெட்டவை ஆயிரம் டொலருக்கு மேற்பட்ட உயர்விலைக் கருவிகளில் நூற்றுக்கு 4.2, நடுத்தர விலையினவற்றில் 4.7, நானூறு டொலருக்குக் குறைந்த சிறு கணினிகளில் 5.8.

இவ்வெண்கள் கூறுவது யாது? உயர்விலைக் கருவி குறைவாகவே கெடுகின்றது என்பது மெய். ஆயின் நடுத்தரக் கருவிக்கும் அதற்கும் உள்ள வேற்றுமை ஆயிரத்துக்கு ஐந்தே. விலை இருமடங்காகும்பொழுது நம்பகம் இருமடங்காவதில்லை. மேலும், விழுந்து உடைதற்கு விலை ஒரு தடையன்று. இவ்வறிக்கை பழையது, உத்தரவாதம் விற்கும் நிறுவனம் ஒன்றினது, வேறு நாட்டுச் சூழலிற் பெறப்பட்டது. ஆதலின் இன்றைய கருவிகளுக்கு இதனை எழுத்துக்கு எழுத்து ஏற்றுதல் முறையன்று. எனினும் விலையும் நம்பகமும் ஒரே ஏணியில் ஏறுவன அல்ல என்னும் அதன் சாரம் பின்வந்த நிகழ்ச்சிகளால் உறுதிப்பட்டது.

வண்ணத்துப்பூச்சி விசைப்பலகை

அந்நிகழ்ச்சிகளுள் தலையாயது அப்பிள் நிறுவனத்தின் விசைப்பலகை வரலாறு. கருவியை மெலிதாக்கும் நோக்குடன் அந்நிறுவனம் 2015 இல் தன் 12 அங்குல மக்புக்கில் வண்ணத்துப்பூச்சிச் சிறகுபோல் விரிந்து மடியும் புதுப்பொறி அமைந்த விசைகளைப் பொருத்தியது. 2016 ஒற்றோபரில் மக்புக் புரோவும் அதனைப் பெற்றது. விசை அமிழும் ஆழம் ஏறத்தாழ அரை மில்லிமீற்றராகச் சுருங்கியது. கருவி மெலிந்தது, பார்த்தோர் வியந்தனர். ஆயின் சிறு தூசு ஒன்று விசையின்கீழ்ப் புகுந்தால், ஓரெழுத்து இருமுறை விழுதலும், முற்றும் விழாதொழிதலும், விசை சிக்கிக்கொள்ளுதலும் நேர்ந்தன.

கேடு இதனோடு நிற்கவில்லை. விசைப்பலகை மேலுடலோடு இணைந்திருந்தது. மின்கலவடுக்கும் அவ்வுடலிலேயே ஒட்டப்பட்டிருந்தது. எனவே ஒரு விசையின் குறைக்காக மேலுடல் முழுவதையும் மாற்ற வேண்டி நேர்ந்தது. 2018 யூனில் அப்பிள் நிறுவனம், முதல் விற்பனையிலிருந்து நாலாண்டு வரை அவ்விசைப்பலகைகளை இலவசமாகத் திருத்தித்தரும் திட்டத்தை அறிவித்தது. அதே ஆண்டில் விசைகளின்கீழ் மெல்லிய சவ்வொன்று இடப்பட்டது. மறு ஆண்டில் உட்பொருளும் மாற்றப்பட்டது. இறுதியில், 2019 நவம்பரில் வெளிவந்த 16 அங்குல மக்புக் புரோவில் பழைய கத்தரிக்கோற் பொறியே திரும்பி வந்தது. அமெரிக்காவில் வாங்கினோர் தொடுத்த வழக்கில், தவறு எதனையும் ஒப்புக்கொள்ளாமலே, 50 மில்லியன் டொலர் கொடுத்துத் தீர்த்துக்கொள்ள அந்நிறுவனம் 2022 யூலையில் உடன்பட்டது.

தமிழில் எழுதுவோர்க்கு இவ்வரலாறு மேலும் பொருளுடையது. தமிழ் உயிர்மெய்களைத் தட்டச்சிடுங்கால் ஓரெழுத்துக்கே பல விசைகள் அழுத்த வேண்டியிருத்தலின், விசைப்பலகையின் உழைப்பு மிகுதி. ஒரு விசை இருமுறை பதிந்தாலும் பதியாதொழிந்தாலும் குறில் நெடிலாகும், ஒற்று உயிர்மெய்யாகும். எழுதுவோனுக்கு விசைப்பலகை உழவனுக்குக் கலப்பை போல்வது. அது பொய்க்குமாயின் திரையின் தெளிவும் செயலியின் விரைவும் பயன்படா.

இக்கதையிலிருந்து பெறத்தக்க விமரிசன நெறிகள் இரண்டு. ஒன்று: ஒரு குணத்தை மிகையாக வளர்க்கும் கருவி வேறொரு குணத்தை விலையாகக் கொடுக்கின்றது. மெலிவு வேண்டியமையாலே உறுதி குன்றியது. 2021 ஒற்றோபரில் வந்த மக்புக் புரோ இதற்கு எதிர்ச்சான்றாகும். அது தடித்தது, முன்னர் நீக்கப்பட்ட எச்டிஎம்ஐ துளையும், நினைவட்டைத் துளையும், காந்த மின்னேற்றியும் அதில் மீண்டன. அழகைக் குறைத்துப் பயனைக் கூட்டிய அவ்வமைப்பு, முந்தியதன்மேல் அந்நிறுவனமே எழுதிய மறுப்புரை எனலாம்.

மற்றொன்று: புதிய கருவி வந்த சில நாள்களில் எழுதப்படும் மதிப்புரைகள் நம்பகத்தைப் பற்றி எதுவும் கூறவல்லன அல்ல. தூசு புகுதற்கு வேண்டும் காலம் அம்மதிப்புரைகளுக்கு இல்லை. பொறியியலார் கருவிகளின் பழுதுகளைத் தொட்டிவளைவு என்னும் கோட்டால் விளக்குவர். தொடக்கத்திற் செய்நேர்த்திக் குறைகளால் பழுது மிகும், இடையிற் குறையும், இறுதியில் தேய்வினால் மீண்டும் ஏறும். முதல் வார மதிப்புரை அத்தொட்டியின் ஒரு விளிம்பை மட்டும் தொட்டுப் பார்த்து அதன் ஆழத்தைக் கூற முயல்வதாகும். ஆகவே வாங்குவோன் நாடத்தக்கது புதிய கருவியின் புகழுரையன்று. அதே வரிசையில் மூன்று நாலு ஆண்டு முன்னர் வந்த கருவிகளின் இன்றைய நிலை.

படைத்துறை அளவைப்படி சோதிக்கப்பட்டது என்னும் விளம்பரமும் ஈண்டுக் கருதத்தக்கது. மில்-எஸ்ரிடி-810 என வழங்கும் அமெரிக்க அளவையின்படி நிறுவனங்கள் தாமே சோதனைகளைத் தெரிந்து நடத்துகின்றன. சான்றளிக்கும் தனி அவை இல்லை. எச்சோதனை, எத்துணை முறை, எந்நிலையில் என்று கூறாதவழி அச்சொற்றொடர் சான்றாகாது, அணியேயாகும்.

திருத்துதற்கு இயைந்தமை

பழுதே நேராத கருவி உலகில் இல்லை. ஆதலின் நம்பகம் என்பது பழுதுறாமை மட்டுமன்று. பழுதுற்றபின் மீளும் ஆற்றலும் அதன் பகுதியே. இவ்வகையில் உயர்விலைக் கருவிகள் பல பின்னடைந்தமை வியப்புக்குரியது. 2012 இல் வந்த ரெற்றினாத் திரை மக்புக் புரோவின் நினைவகம் தாய்ப்பலகையோடு பற்றாசிட்டு இணைக்கப்பட்டது, மின்கலவடுக்கு ஒட்டப்பட்டது. கருவிகளைப் பிரித்து ஆராயும் ஐபிக்சிற் நிறுவனம் அதன் திருத்தத்தகைமைக்குப் பத்துக்கு ஒன்றே வழங்கியது.

இதற்கு மாறான மரபும் உண்டு. ஐ.பி.எம். நிறுவனம் 1992 இல் தொடங்கி, 2005 இல் லெனோவோவின் கைக்குச் சென்ற திங்க்பாட் வரிசை, கருவியைப் படிப்படியாகப் பிரித்து உறுப்பு மாற்றும் கைந்நூல்களை யாவரும் காண வெளியிட்டு வந்தது. எனினும் அப்பெயரையும் கண்ணைமூடி நம்புதல் இயலாது. அவ்வரிசையில் விலைமிக்க எக்ஸ்1 கார்பனின் நினைவகம் மாற்றவொண்ணாதது. அதனினும் விலைகுறைந்த ரி14 இன் ஐந்தாம் தலைமுறையில் நினைவகத்தை மாற்றலாம். ஒரே குடும்பத்துள் விலை ஏற ஏறத் திருத்தத்தகைமை இறங்கும் விந்தை இது. 2021 முதல் விற்பனையாகும் பிரேம்வேர்க் மடிக்கணினியோ, துளைகள் முதலாகத் தாய்ப்பலகை ஈறாக எல்லாவற்றையும் உடையவனே மாற்றுமாறு அமைந்தது. பிரான்சு தேயம் 2021 சனவரி முதல் மடிக்கணினிகளின் திருத்தத்தகைமையைப் பத்துக்கு இத்துணை எனக் கடையிலேயே காட்டவேண்டும் என விதித்தமை, இவ்வளவை வாங்குவோர்க்கு எத்துணை இன்றியமையாதது என்பதைப் புலப்படுத்தும்.

உடல் நலமாயிருந்தும் உயிர் நீங்குதல் போன்ற ஒரு முடிவும் கருவிகளுக்கு உண்டு. விண்டோசு 10 க்கான பொது ஆதரவு 2025 ஒற்றோபர் 14 ஆம் நாள் முடிவுற்றது. 2016 இல் பெருவிலை கொடுத்து வாங்கிய இன்டெல் கருவிகள் பழுதின்றி இயங்கினும், பெரும்பாலும் விண்டோசு 11 க்குத் தகுதி பெறவில்லை. ஆதலின் மென்பொருள் ஆதரவு எத்துணை ஆண்டு நீடிக்கும் என்பதும் நம்பகத்தின் ஓர் அளவையாகக் கொள்ளப்படல் வேண்டும்.

இடத்தின் தீர்ப்பு

ஓரிடத்தில் நன்றெனப்பட்டது எல்லாவிடத்தும் நன்றாவதில்லை. அப்பிள் நிறுவனம் தன் மடிக்கணினிகள் இயங்குதற்குரிய சூழலின் வெப்பநிலை 10 முதல் 35 பாகை செல்சியசு வரை எனக் கூறுகின்றது. சித்திரை வைகாசி மாதங்களில், மின்விசிறியும் நின்ற ஓட்டு வீட்டின் உள்ளறையில், அம்மேலெல்லை வெகுதூரத்தில் இல்லை. இலிதியம் அயன் மின்கலம் வெப்பத்தாலும், எப்பொழுதும் நிறையேற்றி வைத்திருத்தலாலும் விரைந்து முதுமையடையும். ஆயிரம் முறை ஏற்றி இறக்கிய பின்னரும் நூற்றுக்கு 80 பங்கு கொள்ளளவு எஞ்சும் என்னும் கணக்கு அதற்கேற்ற நிலைமைகளுக்கே உரியது.

வட்டுக்கோட்டையிலிருந்து காரைநகர் நோக்கிச் செல்வோர் பொன்னாலைப் பாலத்தில் உணரும் உப்புக்காற்று, ஊருக்குள்ளும் வந்து சேர்கின்றது. ஈரமும் உப்பும் கூடியவழி உலோகத் தொடுகைகள் அரிக்கப்படும். வலிகாமத்துச் செம்மண் தூசு காற்றாடித் துளைகளை அடைக்கும். குளிரூட்டிய அறையில் வைத்துச் சோதிக்கப்பட்ட கருவியின் புகழ் இச்சூழலுக்கு அப்படியே உரியதாகாது.

அடுத்துக் கருதத்தக்கது சேவை. வெளிநாட்டில் வாங்கிய கருவியின் உத்தரவாதம் இலங்கையிற் செல்லுமா, உரிய உறுப்பு யாழ்ப்பாணத்திற் கிடைக்குமா, அன்றி ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தொலைவிலுள்ள கொழும்புக்கு அனுப்பவேண்டுமா என்பவற்றை வாங்குமுன் வினாவுதல் வேண்டும். உறுப்புக்களின் விலையும் நிலையானதன்று. 2022 மார்ச்சுத் தொடக்கத்தில் ஒரு டொலருக்கு ஏறத்தாழ 200 ரூபாவாயிருந்த மாற்றுவிகிதம் மே மாதத்தில் 360 ஐ அணுகியது. 2,000 டொலர்க் கருவி நாலு இலட்சத்திலிருந்து ஏழு இலட்சத்தைக் கடந்தது என்பது இதன் பொருள். அத்தகைய காலத்தில், கைவசமுள்ள கருவியைத் திருத்திக்கொள்ள இயலுமாயின் அதுவே பெருஞ்செல்வம்.

மதிப்பை அளத்தற்கு எளிய கணக்கு ஒன்றுண்டு. விலையோடு திருத்தச் செலவைக் கூட்டி, உழைத்த ஆண்டுகளால் வகுத்தல் வேண்டும். எடுத்துக்காட்டாக, 2,000 டொலர்க் கருவி எட்டாண்டு உழைப்பின் ஆண்டுக்கு 250 டொலர். 700 டொலர்க் கருவி மூன்றாண்டு உழைப்பின் ஆண்டுக்கு ஏறத்தாழ 233 டொலர். இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. அதற்குமேல் நல்ல திரையும் விரைவும் எட்டாண்டும் கிடைத்தமை உயர்விலைக் கருவியின் ஊதியம். ஆயின் அதே கருவி நாலாம் ஆண்டில் தாய்ப்பலகை கெட்டுத் திருத்தவொண்ணாது போகுமாயின், ஆண்டுக்கு 500 டொலர் ஆகிவிடும். உயர்விலையை நியாயப்படுத்துவது அக்கருவியின் நெடுவாழ்வே என்பதும், நெடுவாழ்வை உறுதிசெய்வது திருத்தத்தகைமையே என்பதும் இக்கணக்கால் விளங்கும்.

ஒற்றைப் பிரதியின் இடர்

ஈண்டு ஓர் ஐயம் எழலாம். எல்லா அளவையாலும் தேர்ந்த கருவியை வாங்கியோன் அதனை முழுதும் நம்பலாமோ எனின், உள்ளடங்கிய எழுத்துக்களைப் பொறுத்தவரை நம்பலாகாது என்பதே விடை. 2018 முதல் வந்த மக்புக் புரோக்களில் சேமிப்பகம் பாதுகாப்புச் சில்லு ஒன்றால் மறையாக்கஞ் செய்யப்பட்டது. களவுபோயின் பிறர் படிக்க இயலாமை அதன் நன்மை. தாய்ப்பலகை மாண்டுபோயின் உடையவனும் படிக்க இயலாமை அதன் மறுபுறம்.

இவ்வுண்மை வட்டுக்கோட்டைக்குப் புதிதன்று. 1823 இல் இங்கு நிறுவப்பட்ட செமினரியிற் கற்றவரான சி. வை. தாமோதரம்பிள்ளை, செல்லரித்த ஏடுகளிலிருந்து பழந்தமிழ் நூல்களை மீட்டு, 1887 இல் கலித்தொகையைப் பதிப்பித்தார். ஏடு எத்துணை அழகியது என்பதன்று அவர்தம் கவலை. நூல் ஒரேயொரு ஏட்டில் எஞ்சி அதுவும் அழிந்துவிடுமே என்பதே. 1981 யூன் முதலாம் நாளை ஒட்டிய இரவில் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியுண்டபொழுது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தன. வேறிடத்துப் படியுள்ளவை மீண்டும் பெறத்தக்கனவாயின. படியில்லாதவை என்றென்றைக்கும் ஒழிந்தன. 2005 முதல் ஈழத்து நூல்களை மின்னுருவிற் சேமித்துவரும் நூலகம் திட்டம் இப்பாடத்தைக் கற்றதன் விளைவெனல் பொருந்தும்.

எனவே உயர்விலைக் கருவி வாங்குவோன், அவ்விலையில் ஒரு சிறு பகுதியைப் புறச்சேமிப்பகம் ஒன்றுக்கு ஒதுக்குதல் கடன். ஒரு படி வீட்டிலும், ஒரு படி வேறோர் இடத்திலும் இருத்தல் வேண்டும். எந்த நிறுவனமும் விற்கவியலாத நம்பகம் இதுவே.

முடிபு

இதுகாறும் கூறியவற்றால் உயர்விலை மடிக்கணினி தள்ளத்தக்கதன்று என்பதும், விலை கண்டு தெளியத்தக்கதன்று என்பதும் பெறப்படும். திரை, விரைவு, மின்கல வலிமை ஆகியவற்றில் அது தன் விலையைப் பெரும்பாலும் மெய்ப்பிக்கின்றது. நம்பகத்தில் அது நடுத்தரக் கருவியினும் சிறிதே மேம்பட்டது. சிலபோது தாழ்ந்தும் போயிற்று. அதன் வரிசை மூன்றாண்டுக் காலத்திற் பெற்ற பெயர், உறுப்பு மாற்றும் இசைவு, மென்பொருள் ஆதரவின் நீளம், அண்மையிற் கிடைக்கும் திருத்தம் என்னும் நான்கையும் உரைகல்லாகக் கொண்டு தேர்தல் வேண்டும். நான்கிலும் தேறும் நடுத்தரக் கருவி, நான்கிலும் தவறும் உயர்விலைக் கருவியினும் மதிப்பு மிக்கது. மகனுக்கோ மருகிக்கோ கடல்கடந்து கருவி கொணர்வோர், பெட்டியின்மேற் பொறித்த பெயரை நோக்குமுன் இந்நான்கையும் உசாவுவாராயின், அவ்வன்பு பல்லாண்டு பயன் தரும்.